நாற்பதாம் நம்பர் எண்ணெய்

திருப்பூரில் தாராபுரம் ரோட்டிலோ மங்கலம் ரோட்டிலோ உள்ள ஒரு மோட்டார்ப் பட்டறைக்குப் புதிதாக வாங்கிய பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தி, கம்பெனிப் புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்று அச்சிட்டிருக்கிறபடியே எண்ணெய் மாற்றித் தரவேண்டும் என்று கேட்டுப் பார்த்தால், இருபது முப்பது வருஷம் தொழில் செய்து கை கறுத்த பட்டறைக்காரர் மறுத்துப் பேசமாட்டார், ஆனால் டப்பாவைத் திறந்து, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தண்ணியாட்டம் இருக்குதுங்ண்ணா, நம்மூரு வெயிலுக்கு நாப்பதாம் நம்பர்தானுங்க தாங்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லாமலும் இருக்கமாட்டார். இந்த வார்த்தையை அறியாமை என்று தள்ளிவிடுகிறவர்கள் அதன் சரித்திரத்தை அறியாதவர்கள். மோட்டார் வருவதற்கு முன்பே இந்தப் பிரதேசத்தில் வேரூன்றிய ஒரு நம்பிக்கை, தலைமுறை தலைமுறையாகப் பிரத்தியட்ச அனுபவத்தால் மெய்ப்பிக்கப்பட்டு, அண்மைக் காலத்தில்தான் பொய்யாகத் தொடங்கியிருக்கிறது என்பதும், அது பொய்யாகும் காரணத்தை வேறெந்த ஊரைக் காட்டிலும் திருப்பூரே நன்றாக உணர்ந்திருக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

ரயிலும் மோட்டாரும் வருமுன் கொங்கு நாட்டில் சுழன்றுகொண்டிருந்த பொருள்கள் சிலவே. வண்டிச் சக்கரம், கவலை இறைக்கும் கிணற்றின் உருளை, செக்கு, ராட்டை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். இவற்றுள் அதிக பாரம் தாங்கியது வண்டி அச்சுத்தான். நொய்யலுக்கும் அமராவதிக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் விளைந்த உப்பம், கருங்கண்ணி முதலான பருத்தியைப் பொதியாகக் கட்டி, காங்கயம் காளைகள் பூட்டிய வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்படுகிறவர், கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, இரும்பு அச்சின்மேல் மை தடவிய பிறகுதான் தார்க்குச்சியைக் கையில் எடுப்பார். வைக்கோலை எரித்த கரியைக் கொட்டமுத்து எண்ணெயில் குழைத்துச் செய்த மை அது. கொட்டமுத்து என்று கொங்கு நாட்டார் சொல்வது ஆமணக்கு விதையை. வேலியோரத்திலும் பருத்திக் காட்டு வரப்பிலும் தானாக வளர்ந்து நின்ற அந்தச் செடியே விளக்குக்கும் தலைக்கும் வயிற்றுக்கும் வண்டிக்கும் ஒருசேர எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த எண்ணெய் எவ்வளவு கட்டியானது என்பதை இன்றைய அளவுமுறையில் சொல்லிவிடலாம். திரவத்தின் பாகுத்தன்மையை அளக்கும் சென்டிஸ்டோக் என்ற அலகின்படி, சாதாரண உஷ்ணத்தில் தண்ணீரின் கனம் ஏறக்குறைய 1; நாற்பது டிகிரி உஷ்ணத்தில் ஆமணக்கெண்ணெயின் கனம் 250 அளவில் நிற்கும். அதிலே கரியையும் குழைத்தால் அது திரவம் என்ற பெயரையே இழந்துவிடுகிறது. அத்தனை கட்டி எதற்கு என்று கேட்டால், வண்டியின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் போதும். ஐந்தடி உயரமுள்ள சக்கரம், மணிக்கு இரண்டரை மைல் நடக்கிற காளைக்குப் பின்னால், நிமிஷத்துக்குப் பதினான்கு சுற்றுத்தான் சுற்றும். அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிற ஒன்று, பாரத்துக்கும் அச்சுக்கும் நடுவே எண்ணெயைத் தானாக இழுத்து நுழைத்துக்கொள்ளும் சக்தி அற்றது. எண்ணெய்தான் அதைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். ஆகவே வண்டிக்காரருக்குக் கட்டி எண்ணெயே நல்ல எண்ணெய் என்பது மூட நம்பிக்கையன்று, சரியான யந்திர சாஸ்திரம்.

அந்தச் சாஸ்திரத்தைச் சீமையில் எழுத்திலே வடித்தவர்களும் ஓர் அச்சை வைத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள் என்பது கவனிக்கத் தக்கது. 1883-ஆம் ஆண்டில் போஷாம்ப் டவர் என்ற இங்கிலீஷ் எஞ்சினீயர், ரயில் வண்டி அச்சைப் போன்ற ஒன்றை எண்ணெயில் சுழலவிட்டு உராய்வை அளந்துகொண்டிருந்தபோது, மேலிருந்த தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பை அடித்தார்; அதுவும் மெல்ல மெல்ல மேலே எழும்பி வந்துவிட்டது. பிறகு அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது முள் அதன் எல்லையையே கடந்தது. சுழலும் அச்சு எண்ணெயை இழுத்துக்கொண்டுபோய்க் குறுகிய இடுக்கிலே திணிக்கிறது என்பதும், அப்படித் திணிக்கப்பட்ட எண்ணெய்ப் படலமே பாரம் முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது என்பதும், நன்றாக ஓடுகிற யந்திரத்தில் இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை என்பதும் இதனால் வெளியாயின. மூன்று வருஷம் கழித்து 1886-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் இதற்குக் கணித ரூபம் கொடுத்தார். அவர் கணிதத்தின் சாரத்தை எளிய பேச்சிலே சொல்வதானால், படலத்தின் பலம் எண்ணெயின் கனத்தையும் சுழலும் வேகத்தையும் சேர்த்துப் பெருக்கியதைப் பொறுத்தது. வேகம் குறைந்தால் கனம் கூடவேண்டும், வேகம் கூடினால் கனம் குறையலாம், இடுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு மெல்லிய எண்ணெயே போதும். வானத்து வெயில் இந்தக் கணிதத்தில் நேராக எங்கும் வரவில்லை. எண்ணெயைச் சூடாக்கி இளக்குகிற அளவுக்கே அது மறைமுகமாக வரும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

டவரின் பரிசோதனைக்கு இருபது வருஷத்துக்கு முன்பே, 1862-இல், சென்னையிலிருந்து மேற்குக் கரையிலுள்ள பேப்பூர் வரையில் ரயில் பாதை முற்றுப்பெற்று, திருப்பூர் அந்தப் பாதையின்மேல் ஒரு ஸ்டேஷனாக அமைந்துவிட்டது. அக்காலத்து ரயில் வண்டிகளின் அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் நனைத்த கழிவு நூலை அடைத்து வைப்பார்கள். நூல் எண்ணெயை உறிஞ்சி அச்சுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். இந்திய ரயில்களில் விளக்குக்கும் யந்திரத்துக்கும் நெடுநாள் வரையில் ஆமணக்கெண்ணெயே புழங்கிற்று. ஆகையால் மாட்டு வண்டியை விட்டு ரயிலுக்குப் போன பருத்தி, எண்ணெயை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை என்று சொல்லலாம்.

இந்த நூற்றாண்டு பிறந்து என்று எழுதக் கை போகிறது. சென்ற நூற்றாண்டின் முதற் பத்து ஆண்டுகளில் என்றே இனி எழுதவேண்டும். அப்போது கம்போடியாப் பருத்தி இந்த ஜில்லாவில் பரவியபின், திருப்பூரில் பஞ்சுப் பேட்டையும் ஜின் ஃபேக்டரிகளும் பெருகின. ஒரே எஞ்சினிலிருந்து நீண்ட இரும்புத் தண்டு ஒன்று கூரையோரமாக ஓடும். அதிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு ஜின்னையும் சுழற்றும். நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குப்பியோடு ஓர் ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு தாங்கி தாங்கியாக எண்ணெய் விட்டுக்கொண்டே போவான். பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சேர்ந்தால் நெருப்புக்கு அழைப்பு வேண்டியதில்லை. ஆதலால் அந்த ஆளுடைய சிரத்தையின்மேல் முதலாளியின் ஆஸ்தி முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆமணக்கெண்ணெய்க்குப் பதிலாகப் பூமிக்கடியிலிருந்து எடுத்த கனிம எண்ணெய் இக்காலத்தில்தான் மெல்ல மெல்ல உள்ளே வந்தது. மலிவு ஒரு காரணம். ஓயாத உஷ்ணத்தில் ஆமணக்கெண்ணெய் கோந்துபோல் இறுகிவிடும் என்பது மற்றொரு காரணம்.

ஆனால் ஆமணக்கு அவ்வளவு சுலபத்தில் தோற்றுவிடவில்லை. 1909-இல் லண்டன் வேக்ஃபீல்ட் கம்பெனியார் கனிம எண்ணெயோடு ஆமணக்கெண்ணெயைச் சேர்த்து மோட்டாருக்கும் விமானத்துக்குமாகச் செய்த சரக்குத்தான் காஸ்ட்ரால் என்று விலாசம் பெற்றது. முதல் மகாயுத்தத்தில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்களுக்கு ஆமணக்கெண்ணெய் இல்லாமல் முடியவில்லை; அந்த எஞ்சினில் பெட்ரோலும் மசகெண்ணெயும் ஒரே அறையில் கலந்துவிடுமாதலால், பெட்ரோலில் கரையாத எண்ணெய் வேண்டியிருந்தது. அந்த எஞ்சின்கள் எண்ணெயை வெளியே வாரி இறைத்தன. விமானிகள் முகத்திலும் தொண்டையிலும் அதை வாங்கிக்கொண்டு, பேதி மருந்து உட்கொண்ட பலனையும் அனுபவித்தார்கள். நூறு டிகிரி உஷ்ணத்திலும் ஆமணக்கெண்ணெய் 20 சென்டிஸ்டோக் அளவுக்குக் கனமாக நிற்கும் என்பதையும், அது இன்றைய ஐம்பதாம் நம்பர் மோட்டார் எண்ணெயின் கனம் என்பதையும் கருதினால், கொங்கு நாட்டு வண்டிக்காரர் தேர்ந்த எண்ணெயை ஐரோப்பிய யுத்தமே அங்கீகரித்தது எனலாம்.

மோட்டார் வண்டி இந்த ஜில்லாவுக்குள் ஜனங்களின் வாகனமாக வந்தது பஸ்ஸின் ரூபத்தில்தான். ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸை வைத்துக்கொண்டு ஆரம்பித்த சர்வீஸ் யு.எம்.எஸ். என்று பேரெடுத்துப் பெருகியதும், 1931-இல் பொள்ளாச்சியில் ஆனைமலைஸ் பஸ் ட்ரான்ஸ்போர்ட் தோன்றியதும் இப்பக்கத்தார் அறிந்த கதை. அந்தக் காலத்து டிரைவர், எண்ணெயின் கனத்தை எண்ணால் அறியார், எழுத்தால் அறிவார். வாக்குவம் ஆயில் கம்பெனியார் தங்கள் மொபிலாயிலை ஏ என்றும் பிபி என்றும் ஆர்க்டிக் என்றும் பிரித்து விற்றதோடு, எந்தக் காருக்கு எந்த எழுத்து என்று ஒரு பெரிய அட்டவணையையும் அச்சிட்டு வைத்திருந்தார்கள். அந்த அட்டவணையில் ஒவ்வொரு காருக்கும் எதிரே கோடைக்கு ஒரு பத்தி, குளிர்காலத்துக்கு ஒரு பத்தி. அமெரிக்காவில் பனி பெய்தால் எண்ணெய் உறைந்து எஞ்சின் கிளம்பாது. அதற்காகப் போட்ட இரண்டாம் பத்தியினால் நமக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. மார்கழி விடியற்காலையில்கூட உஷ்ணம் பதினெட்டு இருபது டிகிரிக்கு மிகவும் கீழே இறங்காத திருப்பூரில், வருஷம் முழுவதும் கோடைப் பத்திதான் செல்லும். நம்மூர் வெயிலுக்குக் கட்டி எண்ணெய் என்ற சித்தாந்தத்துக்கு இந்த அட்டவணையும் ஒரு பிரமாணமாக அமைந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

எழுத்து போய் எண் வந்தது அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர் சங்கத்தாரால். 1905-இல் ஏற்பட்ட அந்தச் சங்கம் 1911-இல் எஞ்சின் எண்ணெய்க்கு முதல் விதிகளை வகுத்து, இருபதுகளில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்ற நம்பர்களை நிலைநாட்டியது. எஸ்.ஏ.இ. என்று டப்பாவில் போட்டிருப்பது அச்சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். ஒரு குறிப்பிட்ட துளை வழியாகக் குறிப்பிட்ட அளவு எண்ணெய் வடிவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்பதே அக்காலத்து அளவுகோல். அமெரிக்காவில் சேபோல்ட் என்பவரின் கருவி, இங்கிலாந்தில் ரெட்வுட் என்பவரின் கருவி. இன்றைய விதிப்படி, நூறு டிகிரி உஷ்ணத்தில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரையில் இருப்பது நாற்பதாம் நம்பர், 6.9 முதல் 9.3 வரையில் இருப்பது இருபதாம் நம்பர். இதை ஜனங்கள் பலர் அறியாமல், நம்பர் என்பது தரத்தைக் குறிப்பதாகவும் நாற்பது இருபதைவிட உயர்ந்த சரக்கு என்றும் எண்ணுகிறார்கள். கனத்தைத் தவிர வேறெதையும் அந்த எண் சொல்வதில்லை.

எண்ணெய் சூட்டில் இளகுவது இயற்கை. ஆனால் எல்லா எண்ணெயும் ஒரே மாதிரி இளகுவதில்லை. பென்ஸில்வேனியாக் கிணற்று எண்ணெய் குறைவாகவும், மெக்ஸிகோ வளைகுடாக் கரைக் கிணற்று எண்ணெய் அதிகமாகவும் இளகுவதைக் கண்டு, முன்னதற்கு 100 என்றும் பின்னதற்கு 0 என்றும் மதிப்பிட்டு 1929-இல் ஒரு குறியீட்டை ஏற்படுத்தினார்கள். ஐம்பதுகளில் ரசாயன சாஸ்திரிகள், சூட்டில் விரிந்து குளிரில் சுருண்டுகொள்ளும் நீண்ட மூலக்கூறுகளை எண்ணெயில் கரைத்து, குளிரில் மெல்லியதாகவும் சூட்டில் கனமாகவும் நடந்துகொள்ளும் இரட்டை நம்பர் எண்ணெயைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். 20டபிள்யூ-40 என்பதில் பின்னால் நிற்பது சூட்டின் கனம். டபிள்யூவோடு சேர்ந்து முன்னால் நிற்பது பனிக்கால நடத்தை. இருபது டபிள்யூ என்பதைப் பரீட்சிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில். சைபர் டபிள்யூவைப் பரீட்சிப்பதோ கீழே 35 டிகிரியில். அவிநாசியிலும் பல்லடத்திலும் வசிக்கிறவர்களுக்கு இவ்விரண்டு உஷ்ண நிலைகளும் புராணத்தில் கேட்ட லோகங்களே.

மோட்டாருக்குச் சமமாக, ஏன், அதைவிட அதிகமாகவே இந்த மண்ணில் எண்ணெய் குடித்தது குரூடாயில் எஞ்சின். கவலைக்குத் தண்ணீர் எட்டாத ஆழத்துக்குக் கிணறு போனபோது, மேட்டின்மேல் தகரக் கொட்டகை போட்டு, பெரிய கனச்சக்கரம் இரண்டோடு நிமிஷத்துக்குச் சில நூறு சுற்றே சுற்றுகிற அந்த எஞ்சினை வைத்தார்கள். சில எஞ்சின்களில் கண்ணாடிக் குப்பி ஒன்றிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழும். சொட்டை எண்ணிப் பார்ப்பது குடியானவரின் காலைக் கடமை. பைக்காரா மின்சாரம் முப்பதுகளில் கோயமுத்தூர் ஜில்லாவுக்கு வந்தபின் கிணற்று மேட்டில் மோட்டார் ஏறியதென்றாலும், கம்பி போகாத ஊர்களில் டக்டக்கென்ற சப்தம் வெகுநாள் நிற்கவில்லை. மெதுவாக ஓடுகிற, இடுக்கு அகன்ற, தேய்ந்தபின்னும் ஓடவேண்டிய இந்த எஞ்சினுக்கும் கட்டி எண்ணெய்தான் பொருந்திற்று. அப்பன் கிணற்றில் கற்றதைப் பிள்ளை லாரியில் கடைப்பிடித்தான்.

சுதந்திரத்துக்குப் பிந்திய நாற்பது வருஷமும் இந்தப் பாடத்தைப் பொய்யாக்கவில்லை. 1958 முதல் ஓடிய அம்பாஸடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் வண்டலூரிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகியவற்றின் எஞ்சின்கள் எல்லாம் ஐம்பதுகளிலோ அதற்கும் முன்போ ஐரோப்பாவில் வரையப்பட்டவை. தாங்கிகளின் இடைவெளி தாராளம். காங்கயம் ரோட்டுப் புழுதி வடிகட்டியைத் தாண்டி உள்ளே போய் ரிங்கைத் தேய்க்கும்; தேய்ந்த ரிங் வழியாக எண்ணெய் ஏறி எரியும்; வண்டி நீலப் புகை தள்ளும்; "எஞ்சின் ஆயில் சாப்பிடுது" என்று சொல்லி, ரீபோர் செய்யப் பணம் சேரும்வரையில் நாற்பதுக்குப் பதிலாக ஐம்பதாம் நம்பரை ஊற்றிச் சமாளிப்பார்கள். கட்டி எண்ணெய் அகன்ற இடுக்கை நிரப்பிற்று, சப்தத்தை அடக்கிற்று, புகையைக் குறைத்தது. இவை கண்ணால் கண்ட பலன்கள். 1969-இல் மணலியில் சென்னைச் சுத்திகரிப்பாலை ஓடத் தொடங்கி மசகெண்ணெய்க்கு மூலச் சரக்கும் உண்டாக்கியது. 1972-இல் இந்தியன் ஆயிலின் சர்வோ கடைக்கு வந்தது. பெட்ரோல் பங்கில் பீப்பாயிலிருந்து லிட்டர் குவளையில் பிடித்து ஊற்றிய லூஸ் ஆயிலில் கலப்படம் இருந்ததோ இல்லையோ, அதைத் தொட்டுப் பார்த்துக் கட்டியாக இருந்தால் நல்லது என்று நம்புவதைத் தவிர வாங்குகிறவருக்கு வேறு பரீட்சை இருக்கவில்லை. விரலால் தேய்த்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் அப்போது வந்ததே.

இனி, அதே ஊரில், அதே ஜனங்களின் கையில், நேர்மாறான ஒரு பாடம் நடந்துவந்ததைச் சொல்லவேண்டும்.

1925-ஆம் ஆண்டு வாக்கில் திருப்பூரில் பனியன் நெய்யத் தொடங்கியபோது, கையால் சுழற்றும் சிறு வட்டயந்திரங்களே இருந்தன. ஊசிகளுக்கு எண்ணெய் விடுவதும் கையாலேதான். எழுபதுகளின் கடைசியில் ஏற்றுமதி பிறந்து, பிறகு ஜெர்மனி, ஜப்பான், தைவான் தேசங்களின் யந்திரங்கள் வந்து இறங்கிய பின்னர் நிலைமை வேறாயிற்று. முப்பது அங்குல விட்டமும், அங்குலத்துக்கு இருபத்துநாலு ஊசி என்னும் இருபத்துநாலு கேஜுமுள்ள ஒரு சாதாரண நிட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டால், அதன் சிலிண்டரில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் இருக்கும். விட்டத்தில் அங்குலத்துக்கு மூன்றாக, நூல் ஊட்டும் ஃபீடர் தொண்ணூறு. சிலிண்டர் நிமிஷத்துக்கு முப்பது சுற்று. ஒவ்வொரு ஊசியும் ஒவ்வொரு ஃபீடரிலும் ஒரு தடவை ஏறி இறங்கவேண்டுமாகையால், நிமிஷத்துக்கு 2,700 தடவை ஏறி இறங்குகிறது. ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் காரின் எஞ்சின் சுற்றுகிற கணக்கும் ஏறக்குறைய இதுதான். பிஸ்டன் நாலு, ஊசியோ இரண்டாயிரத்துக்கு மேல், காட்டன் தூசி வேறு சதா பறந்துகொண்டிருக்கிறது.

இந்த யந்திரத்துக்குக் கட்டி எண்ணெய் ஊற்ற எந்த நிட்டிங் முதலாளியும் சம்மதிக்கமாட்டார். கட்டி எண்ணெய் ஊசியின் நெருங்கிய பள்ளத்துக்குள் புகாது; புகுந்தாலோ ஊசியை இழுத்துப் பிடிக்கும்; இழுத்துப் பிடித்தால் சிலிண்டர் சூடேறும், மின்சாரம் வீணாகும், ஊசியின் குதிகால் தேயும். இவற்றையெல்லாம்விடக் கொடியது, துணியில் நெடுக விழுகின்ற ஆயில் லைன். நெய்யும்போது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு டையிங் முடிந்து வந்த பிறகு வெளிர் நிறத்தின்மேல் பல்லை இளிக்கும். முழு லாட்டும் ரிஜெக்ட். ஆகையால் இங்கே புழங்குவது வெளுத்த, சோப்பிலே கழுவினால் போய்விடுகிற, ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 22 அல்லது 32 என்ற மெல்லிய எண்ணெய். நாற்பது டிகிரி உஷ்ணத்தில் 22, 32 சென்டிஸ்டோக் கனம் என்பதே அதன் பொருள். 1975-இல் சர்வதேசத் தரநிர்ணய ஸ்தாபனம் யந்திர எண்ணெய்களுக்கு ஏற்படுத்திய வரிசை அது. அதே உஷ்ணத்தில் 0டபிள்யூ-20 மோட்டார் எண்ணெயின் கனம் ஏறக்குறைய 40 என்பதைப் பார்க்கும்போது ஒரு வேடிக்கை புலப்படுகிறது. ஷெட்டுக்குள் ஃபிட்டரைக் கூப்பிட்டு, "ஏப்பா, இன்னும் தண்ணியா இருக்கறத வாங்கிப் போடு" என்று கண்டிக்கிற முதலாளிதான், ஷெட்டுக்கு வெளியே நிற்கும் தமது காருக்கு அதைவிடக் கட்டியான எண்ணெயைக் கண்டு தண்ணீர் என்று பயப்படுகிறார். நுண்ணிய இடுக்கும் அதிக வேகமும் உள்ள இடத்தில் மெல்லிய எண்ணெயே காவல் என்ற ரேனால்ட்ஸின் நியாயத்தை அவர் லாட் லாட்டாகப் பணம் கொடுத்துக் கற்றிருக்கிறார். கார் மட்டும் இன்னும் அவர் பாட்டனார் வண்டியின் வம்சத்தில் சேர்ந்ததாக எப்படியோ அவர் மனசில் பதிந்துவிட்டது.

கார் அந்த வம்சத்தை விட்டு விலகி வெகுநாளாயிற்று. 1983-இல் மாருதி 800 வந்தபோதே விலகத் தொடங்கிவிட்டது. 2017 முதல் கம்பெனிகளின் எரிபொருள் செலவுக்குச் சர்க்கார் விதித்த சராசரி வரம்பும், 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஆறாம் நிலை விதிகளும் அதை முற்றுவித்தன. இன்றைய எஞ்சின் தாங்கியின் இடைவெளி தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. வால்வுகள் திறக்கும் காலத்தை முன்பின்னாக மாற்றுகிற உறுப்புகளை எண்ணெயின் அழுத்தமே இயக்குவதால், எண்ணெய் அங்கே யந்திரத்தின் ஓர் அங்கமாகிவிட்டது. கனம் மாறினால் அந்த உறுப்புகள் தாமதித்து நகரும். வெயிலின் பங்கு என்னவென்றால், தெர்மோஸ்டாட் என்ற கருவி எஞ்சினைச் சுற்றியுள்ள நீரை லண்டனிலும் திருப்பூரிலும் ஏறக்குறைய ஒரே தொண்ணூறு டிகிரியில் நிறுத்துகிறது. உள்ளேயுள்ள எண்ணெய்க்கு வெளியே சித்திரையா மார்கழியா என்ற பேதம் மிகச் சொற்பம். எஞ்சின் தேய்வதில் பெரும்பகுதி காலையில் கிளப்பிய முதல் சில விநாடிகளில் என்பது எஞ்சினீயர்கள் பலர் சொல்லும் அபிப்பிராயம். அந்த நேரத்தில் முப்பது டிகிரியில் கிடக்கிற 20டபிள்யூ-40-ஐவிட மெல்லிய எண்ணெய் சீக்கிரமாக மேலே ஏறிவிடும். பனி நாட்டுக்காக ஏற்பட்ட சைபர் டபிள்யூ, பனியே இல்லாத ஊரிலும் இந்த ஓர் உபகாரத்தைச் செய்கிறது.

இதனால் பட்டறைக்காரரின் நாற்பதாம் நம்பர் எங்கும் தப்பு என்று கொள்ளலாகாது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிப் புகை தள்ளுகிற பழைய காருக்கும், பருத்தி நூலும் பனியன் பெட்டியும் ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இரவெல்லாம் ஓடுகிற லாரிக்கும், மின்வெட்டு வாட்டிய வருஷங்களில் கம்பெனி கம்பெனியாக அலறிய டீஸல் ஜெனரேட்டருக்கும் 15டபிள்யூ-40 வகை எண்ணெய்தான் பொருத்தம். டீஸல் காரிலும் புகை வடிகட்டி பொருத்தியதற்குத் தனி எண்ணெய் உண்டு; அங்கே கனத்தைவிடச் சாம்பல் குறைவாக இருப்பதே முக்கியம். கட்டி எண்ணெயால் புதுக் காரின் எஞ்சின் மறுநாளே நின்றுவிடாது என்பதுதான் இதில் உள்ள சங்கடம். லிட்டருக்குக் கிடைக்கிற தூரம் கொஞ்சம் குறையும். வாரண்டித் தகராறு எழலாம். தேய்வு எங்கே ஏற்பட்டது என்பது தெரிவதற்குள் கார் இரண்டு கை மாறியிருக்கும். பிழைக்கு உடனடித் தண்டனை இல்லாத துறையில் பழக்கம் சாவதில்லை. நிட்டிங்கில் பிழையின் தண்டனை மறுவாரமே டையிங்கிலிருந்து வந்துவிடுகிறது.

எண்ணெயின் வரிசையோ இன்னும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. இருபதுக்குக் கீழே நம்பர் வேண்டும் என்று 2013-இல் பதினாறு சேர்த்தார்கள்; 2015-இல் பன்னிரண்டும் எட்டும் சேர்த்தார்கள். பதினாறு நம் தேசத்துச் சில கார்களின் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. எட்டாம் நம்பருக்கு நூறு டிகிரியில் வகுத்திருக்கும் கனம் 4-க்கும் 6.1-க்கும் இடையில். நிட்டிங் ஷெட்டிலுள்ள 22, 32 எண்ணெய்களை அதே உஷ்ணத்தில் அளந்தால், அவையும் நாலரைக்கும் ஐந்தரைக்கும் அக்கம்பக்கத்தில்தான் நிற்கும். கனத்தின் அளவில் காரும் பனியன் யந்திரமும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. ஆனால் எரிந்த பெட்ரோலின் கரியையும் அமிலத்தையும் தாங்கும் சரக்குகள் மோட்டார் எண்ணெயில்தான் சேர்ந்திருக்கின்றன. சோப்பில் கரைந்து ஓடிப்போவதே ஊசி எண்ணெயின் விசேஷ குணம். ஆகையால் இதைப் படித்துவிட்டு யாரும் ஷெட்டிலிருக்கும் கேனைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் ஊற்றிவிட வேண்டாம்.